ஓடுகிற கம்பெனிக்கு ப்ராடக்ட் மேனேஜர் எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: கம்பெனி தொடங்கி 15 வருடம் ஆகிறது, ஆயிரத்துக்கும் மேல் கஸ்டமர்கள் இருக்கிறார்கள், கோட் எழுத உங்களைப் போன்றவர்கள் இருக்கிறீர்கள், விற்க சேல்ஸ் டீம் இருக்கிறது. இதற்கு நடுவில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் ப்ராடக்ட் மேனேஜர் கம்பெனி வளர என்ன செய்யப்போகிறார்? அதற்குக் கீழேயே, "மீட்டிங் போடுவதைத் தவிர அவர் வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எழுதவும் மாட்டார், விற்கவும் மாட்டார், அவர் சொன்னால் கேட்டே ஆகவேண்டிய ஆளும் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நான் 6 வருடம் சப்போர்ட்டில் போன் எடுத்தவன். அதற்குப் பிறகு 11 வருடமாக ப்ராடக்ட் மேனேஜர் வேலையில் இருக்கிறேன். பார்த்ததெல்லாம் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள்: பில்லிங், சரக்கு இருப்பு, சம்பளக் கணக்கு. கேம், சமூக வலைத்தளம் பக்கம் போனதில்லை. அங்கே கணக்கே வேறு மாதிரி என்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதிதாகத் தொடங்கிய கம்பெனியில் எல்லோர் தலையிலும் ஒரே கேள்விதான் ஓடும்: இதை யாராவது வாங்குவார்களா? அங்கே ப்ராடக்ட் மேனேஜர் வேலையை நிறுவனரே பார்த்துக்கொள்வார், பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஓடுகிற கம்பெனியில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்து வருடக்கணக்காகிவிட்டது. அங்கே இருக்கும் சிக்கல், கோரிக்கைகள் மலையாகவும் கைகள் கொஞ்சமாகவும் இருப்பது. சேல்ஸ் கேட்பது ஒன்று, சப்போர்ட் கேட்பது இன்னொன்று, டெவலப்பர் செய்ய ஆசைப்படுவது மூன்றாவது. அவரவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அத்தனையும் நியாயம். எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொட்டி, இருக்கிற 12 பேரின் அடுத்த மூன்று மாதம் எதற்குப் போனால் காசு வரும், அல்லது வருகிற காசு போகாமல் நிற்கும் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சொல்லிவிட்டு, அது தப்பாகப் போனால் பழியை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். நீங்கள் பார்க்கும் மீட்டிங்குகளில் பாதியாவது இதற்காக நடக்க வேண்டும். மீதிப் பாதி தண்டம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான்.

இந்த வேலை பிறந்த இடம் சோப்புக் கம்பெனி என்றால் நம்புவீர்களா? 1931 மே 13 அன்று ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பின் விளம்பர வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் மேலிடத்துக்கு 3 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். அதே கம்பெனியின் ஐவரி சோப்பு நன்றாக விற்க, கேமே அதன் நிழலில் கிடந்தது. ஒவ்வொரு சோப்புக்கும் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. விற்பனை எங்கே ஏறுகிறது, எங்கே படுத்திருக்கிறது என்று அந்த ஆள் கணக்குப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் பகுதிக்குத் தானே போய்க் கடைக்காரரிடமும் வாங்குபவரிடமும் பேச வேண்டும். கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்யத் திட்டம் போட்டு, அது பலித்ததா என்றும் பார்க்க வேண்டும். மெக்எல்ராய் பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவே ஆனார், அது தனிக் கதை. சோப்பு என்ற இடத்தில் மென்பொருள் என்று போட்டுப் படித்தால், என் வேலைக்கான விளம்பரம் அதுதான்.

அதே சோப்புக் கம்பெனியில் வேலை பழகிய ஸ்காட் குக் 1983-ல் டாம் ப்ரூவோடு சேர்ந்து இன்ட்யூட்டைத் தொடங்கினார். அவர்களுடைய குவிக்கன், வீட்டு வரவு செலவு பார்ப்பதற்கான மென்பொருள். ஆனால் வாங்கியவர்களிடம் எங்கே பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீசில் என்றார்கள். முதலில் யாரும் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு போய்ப் பார்த்தால், சின்ன வியாபாரிகள் பற்று வரவு தெரியாமலே கணக்கு வைத்துக்கொள்ள இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முறையான அக்கவுன்டிங் மென்பொருள்கள் கடையில் இருந்தும், அவை கணக்குப் படித்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இவர்களுக்கு ஒத்துவரவில்லை. அதிலிருந்து 1992-ல் வந்ததுதான் குவிக்புக்ஸ். பின்னர் அந்தக் கம்பெனியின் பெரிய தூண்களில் ஒன்றாக அது ஆனது. இதில் கவனிக்க வேண்டியது, குவிக்புக்ஸை யாரும் டிக்கெட் போட்டு, அதாவது புகாராகவோ கோரிக்கையாகவோ பதிவு செய்து, கேட்கவில்லை என்பது. செய்தி ஏற்கெனவே கைக்கு வந்து ஒரு மூலையில் கிடந்தது. ஓடுகிற கம்பெனியில் வளர்ச்சி பல சமயம் இப்படித்தான், பழைய கஸ்டமர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். இவ்வளவு பெரியதில்லை. அப்போது நான் இருந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒரு பெரிய கஸ்டமரின் முதலாளி எங்கள் சேல்ஸ் ஆளைப் பார்க்கும்போதெல்லாம் "உங்க சாஃப்ட்வேர் ரொம்ப ஸ்லோ" என்பார். நாங்களும் ஒரு வருடமாக சர்வரை மாற்றினோம், டேட்டாபேஸைக் குடைந்தோம். கூடவே, அவர் அசந்துபோகட்டும் என்று நாலு மாதமாக ஒரு டாஷ்போர்டு வேறு, அதாவது முக்கியமான எண்களையெல்லாம் ஒரே திரையில் காட்டும் பக்கம், கட்டிக்கொண்டிருந்தோம். ரினியூவல் நெருங்கியது, வேறொரு கம்பெனியைக் கூப்பிட்டு டெமோ பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் நான் அங்கே போய், கணக்குப் பார்க்கும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

காலையில் முதல் வேலையாக எங்கள் பாக்கித் தொகை ரிப்போர்ட்டைத் திறந்தார். எக்செல்லுக்கு எக்ஸ்போர்ட் செய்தார். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது, அதில் 7 படிகள் எண் போட்டு எழுதியிருந்தன. அதைப் பார்த்துப் பார்த்து, தேதி இருந்த நெடுவரிசையை மூன்றாகப் பிரித்து, திரும்ப ஒட்டி, வரிசைப்படுத்தினார். எங்கள் எக்ஸ்போர்ட் தேதியைத் தேதியாக அனுப்பாமல் வெறும் எழுத்தாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் எக்செல்லில் வரிசைப்படுத்தினால் பிப்ரவரி 1-க்கு அடுத்து மார்ச் 1 வந்து நிற்கும். இந்தக் கூத்து தினமும் 25 நிமிடம். முதலாளி போன் செய்து "பாக்கி லிஸ்ட் ரெடியா?" என்று கேட்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். "சிஸ்டத்துல வந்துட்டிருக்கு சார்" என்று இவர் சொல்வார். முதலாளி ஸ்லோ என்றது இந்த 25 நிமிடத்தை. சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏம்மா, சப்போர்ட்டுக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்றேன். "இதுக்கு முன்னாடி இருந்த அக்கா எழுதி ஒட்டிட்டுப் போனது சார். இது இப்படித்தான்னு நினைச்சேன்." ஆபீசுக்கு வந்து தேடினேன். இந்தப் பிரச்சினைக்கு எங்களிடம் ஒரு டிக்கெட்கூட இல்லை. ஒரு டெவலப்பர் 2 நாளில் சரிசெய்தார். அந்தக் கஸ்டமர் ரினியூ செய்தார். இதனால்தான் செய்தாரா என்றால், என்னால் நிரூபிக்க முடியாது. டெமோ காட்டிய கம்பெனி அதிக விலை சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்லோ என்ற பேச்சு அதோடு நின்றது. நாலு மாதம் கட்டிய டாஷ்போர்டை அந்த ஆபீசில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இருக்கிற கஸ்டமரைப் பற்றியே நான் இவ்வளவு பேசுவதற்குக் கணக்கு ஒரு காரணம். மாதச் சந்தா கட்டும் 1000 கஸ்டமர்களில் மாதம் 2 சதவீதம் பேர் விட்டுப்போகிறார்கள் என்று வையுங்கள். ஆபீஸ் பாஷையில் இதை சர்ன் என்பார்கள். 2 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வருடக் கடைசியில் மிஞ்சுவது சுமார் 785 பேர். அதாவது 215 பேரைப் புதிதாகப் பிடித்தால்தான் நின்ற இடத்தில் நிற்கவே முடியும். அதையே 1 சதவீதமாகக் குறைத்தால் 886 பேர் மிஞ்சுவார்கள். சேல்ஸ் டீம் ஒரு போன்கூடக் கூடுதலாகப் போடாமல் 100 கஸ்டமர் லாபம். இதோடு, தங்கியவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுதலாக வாங்கினால் கதையே மாறிவிடும். ஆபீஸ் ஆட்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் மென்பொருளான ஸ்லாக் 2019-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது கொடுத்த ஆவணத்தில் இந்தக் கணக்கு 143 சதவீதம் என்று இருந்தது. முந்தைய வருடம் 100 டாலர் கட்டிய கஸ்டமர் கூட்டம், நடுவில் போனவர்களைக் கழித்த பிறகும், இந்த வருடம் 143 டாலர் கட்டியது. ஒரு டீமில் நுழைந்து பக்கத்து டீமுக்குப் பரவும்படி அந்த மென்பொருளும் விலையும் அமைந்திருந்ததால் அது நடந்தது. எல்லா மென்பொருளுக்கும் இது வாய்க்காது. சம்பளக் கணக்கு மென்பொருளைப் பக்கத்து டீமுக்குப் பரப்ப முடியாது.

அடுத்தது, வேண்டாம் என்று சொல்லும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அதிகம் படாதது இதுதான், எனக்கு அதிகம் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதுதான். வருடத்தின் கடைசி மாதத்தில் சேல்ஸ் ஆள் ஓடி வருவார். இந்த ஒரு ஃபீச்சரை மட்டும் போட்டுக் கொடுத்தால் பெரிய ஆர்டர் கையெழுத்தாகிவிடும் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கஸ்டமருக்காகப் போட்ட ஃபீச்சர் அந்தக் கஸ்டமர் போன பிறகும் உள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு ரிலீசிலும் அதைச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு புது ஆளுக்கும் அதை விளக்க வேண்டும். இப்படிச் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் வேர்டைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. முதல் வேர்டில் 100 கட்டளைகள் போல இருந்தன. வேர்டு 2003-ல் அது 1500-ஐத் தாண்டிவிட்டது. பயனர்கள் எதைத்தான் அழுத்துகிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தபோது, பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்டு ஆகிய ஐந்தே மொத்தத்தில் 32 சதவீதம் போல வந்தன. பேஸ்ட் மட்டுமே 11 சதவீதத்துக்கு மேல். இன்னொரு வேடிக்கை, ஜனங்கள் புதிதாகக் கேட்ட வசதிகளில் பலவும் ஏற்கெனவே உள்ளே இருந்தவைதான், கண்ணில் படவில்லை. ஆபீஸ் 2007-ல் மெனுக்களைத் தூக்கிவிட்டு, பட்டன்களை மேலே பட்டையாக அடுக்கிக் காட்டும் ரிப்பன் வந்ததன் பின்னணி இது. வந்ததும் பழைய பயனர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று ப்ராடக்ட் மேனேஜருக்கு மட்டும் எப்படித் தெரியும்? நேர்மையான பதில், பெரும்பாலும் தெரியாது. 2012-ல் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கில் ஒருவர் சின்ன யோசனை ஒன்றைச் சொல்லியிருந்தார். விளம்பரத்தின் தலைப்பு வரி காட்டப்படும் விதத்தில் ஒரு மாற்றம், கோடில் சில நாள் வேலை. நூற்றுக்கணக்கான யோசனைகளில் ஒன்றாக, முக்கியமில்லை என்று முத்திரை குத்தப்பட்டு ஆறு மாதத்துக்கும் மேல் பட்டியலில் தூங்கியது. கடைசியில் ஒரு இன்ஜினியர் தானாகவே அதை எழுதி, பயனர்களில் ஒரு பகுதிக்கு மட்டும் காட்டிச் சோதித்தார். வருமானம் 12 சதவீதம் ஏறியது. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். பட்டியலில் அதைக் கீழே தள்ளியவர்கள் என்னைப் போன்றவர்கள், எடுத்துச் செய்தவர் உங்களைப் போன்றவர். மைக்ரோசாஃப்டில் இந்தச் சோதனைகளை நடத்திய ரான் கோஹாவி, பரீட்சித்துப் பார்த்த யோசனைகளில் சுமார் மூன்றில் ஒன்றுதான் நினைத்த பலனைக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறார். நல்ல ப்ராடக்ட் மேனேஜர் என்பவர் சரியாக ஊகிப்பவர் என்று நான் இப்போது நம்புவதில்லை. தப்பான ஊகத்தை நாலு மாதம் ஓடவிடாமல் நாலாம் நாளே கண்டுபிடிப்பவர் என்றால் ஒத்துக்கொள்வேன்.

ஆனால் இந்தச் சோதனை முறையை அப்படியே உங்கள் கம்பெனியில் கொண்டுவர முடியாது. பிங்குக்குக் கோடிக்கணக்கில் பயனர்கள். ஆயிரம் கஸ்டமரை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு திரையைக் காட்டினால் வரும் வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று சொல்லவே மாதங்கள் ஆகும். அங்கே நாற்காலியைப் போட்டுப் பின்னால் உட்காருவதுதான் வழி. பத்துப் பேர் பின்னால் உட்கார்ந்தால் அதே தடுமாற்றம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

விலை விஷயத்தில் ப்ராடக்ட் மேனேஜரின் கை எவ்வளவு நீளும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதில் போட்டோஷாப் செய்யும் அடோபியைப் பார்ப்பது நல்லது. 2013 மே மாதம், இனி பெட்டியில் விற்கும் கிரியேட்டிவ் சூட் (போட்டோஷாப் உள்ளிட்ட டிசைன் மென்பொருள்களின் தொகுப்பு) புதிதாக வராது, மாதச் சந்தாதான் என்று அறிவித்தார்கள். அதுவரை முழுத் தொகுப்பின் விலை 2,599 டாலர், சந்தா மாதம் 49.99 டாலர். 2012-ல் 440 கோடி டாலராக இருந்த வருமானம் 2013-ல் சுமார் 405 கோடிக்கு இறங்கியது. லாபம் 83 கோடியிலிருந்து 29 கோடிக்கு விழுந்தது. பத்து வருடம் கழித்து, 2023-ல் வருமானம் 1,940 கோடி டாலர். முடிவெடுத்தது மேலிடம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முடிவுக்கும் வளர்ச்சிக்கும் நடுவில் ஆயிரம் சில்லறைக் கேள்விகள் உண்டு. போட்டோஷாப் மட்டும் போதும் என்கிற போட்டோகிராபர் எதற்கு முழுத் தொகுப்புக்குக் காசு கட்ட வேண்டும்? அவர்கள் கொந்தளித்த சில மாதங்களில் போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்கு ஒரு திட்டம் வந்தது. யாருக்கு எந்தத் துண்டை எந்த விலையில் வெட்டிக் கொடுப்பது, சந்தா நின்றால் பழைய ஃபைல் திறக்குமா, இன்டர்நெட் இல்லாவிட்டால் எத்தனை நாள் ஓடும் என்பதெல்லாம் இந்த வகை ஆட்களின் மேஜைக்கு வரும் வேலை. அந்த வருமானத்தில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு டிசைன் தொழில் தானாகப் பெருகியதால் வந்தது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. காட்டுகிறேன் என்று ஸ்லைடு போடுபவரை நம்பாதீர்கள்.

பழைய மென்பொருளை மூடும் வேலையும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிரா போன்ற ஆபீஸ் மென்பொருள்களைச் செய்யும் அட்லாசியன், கஸ்டமர்கள் தங்கள் சொந்த சர்வரில் போட்டு ஓட்டும் பதிப்பை நிறுத்தப்போவதாக 2020 அக்டோபரில் சொன்னது. புது லைசென்ஸ் 2021 பிப்ரவரி 2-லிருந்து கிடையாது, சப்போர்ட் 2024 பிப்ரவரி 15 வரை. ஆக, மூடுவதற்கே மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. பழையதையும் புதியதையும் ஒரே ஆட்களை வைத்து இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டுமே நகராது என்பது நான் கண்ணால் பார்த்தது.

கடைசியாக, உங்கள் ஆபீஸ் ப்ராடக்ட் மேனேஜரைப் பற்றி. உங்கள் புகார் முழுக்கச் சரியாகவும் இருக்கலாம். மேலிடம் முடிவெடுக்கும், சேல்ஸ் பட்டியல் கொடுக்கும், இவர் அதை டிக்கெட்டாக மாற்றி உங்களிடம் தள்ளுவார் என்கிற கம்பெனிகள் ஏராளம். நானும் இரண்டு வருடம் அப்படி இருந்திருக்கிறேன், பதவியின் பெயர் மட்டும்தான் இதே. அந்த நிலைமையில் அவர் வளர்ச்சிக்கு எதுவும் செய்வதில்லை, செய்யவும் முடியாது. எது உங்கள் கதை என்று தெரிந்துகொள்ள, இந்த வருடம் எந்த வேலையை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அவருக்கு முடிவெடுக்கும் இடம் இருக்கிறது. கடைசியாக விட்டுப்போன கஸ்டமரிடம் பேசினீர்களா என்றும் கேளுங்கள்.

பேசினேன் என்றால், அடுத்த முறை அவர் கஸ்டமரோடு திரையைப் பார்த்துப் பேசும்போது நீங்களும் ஓரமாகச் சேர்ந்துகொள்ள அனுமதி வாங்குங்கள். மைக்கை மட்டும் மறக்காமல் மியூட்டில் போட்டுவிடுங்கள். நீங்கள் எழுதிய பட்டனைத் தாண்டிப் போய் அவர்கள் வேறெங்கோ மூன்றாவது தடவையாக க்ளிக் செய்யும்போது, "அங்க இல்லைங்க, மேல, வலது பக்கம்" என்று கத்தாமல் இருப்பது ரொம்பக் கஷ்டம்.